மூங்கில் இலைத் தேநீர்: பறிக்கும் முன் ஒரு நிமிடம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து கொடுத்த மூங்கில் இலைத் தேநீரைக் குடித்துவிட்டுப் பலரும் செய்முறை கேட்டீர்கள். மறுநாள் காலையிலேயே ஒரு நண்பர் நம் பூங்காவில் பறித்த இலைகளைப் பை நிறையக் கொண்டுவந்து காட்டினார். பாதி மூங்கில், பாதி அரளி! பின்சுவர் ஓரம் இரண்டும் கலந்துதான் நிற்கின்றன. ஆகவே செய்முறைக்கு முன் எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன்.

அரளி, தங்க அரளி இரண்டின் இலையும் மூங்கில் இலைபோல நீண்டு ஒடுங்கியிருக்கும். இரண்டும் இதயத்தைத் தாக்கும் விஷம். காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அந்த விஷம் போகாது.

வங்கியில் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடாமல் செக்கை பாஸ் செய்யமாட்டோம். இங்கேயும் மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள்.

முதலில் தண்டு. மூங்கில் கணுக்கணுவாக இருக்கும். இலையின் அடிப்பகுதி உறைபோலத் தண்டைச் சுற்றியிருக்கும். அடுத்தது நரம்பு. மூங்கில் புல் இனம் என்பதால், வெளிச்சத்தில் பிடித்தால் நெல் இலைபோல நரம்புகள் நீளவாக்கில் ஓடும். மூன்றாவது, கிழித்துப் பாருங்கள். மூங்கில் இலை காகிதம்போல நீளமாகக் கிழியும். அரளி இலை தடிப்பானது. தங்க அரளியை ஒடித்தால் பால் வடியும். சந்தேகம் வந்தால் அந்த இலையை விட்டுவிடுங்கள்.

வரவேற்பறையில் தண்ணீரில் வைத்திருக்கும் ‘லக்கி பேம்பூ’ மூங்கிலே அல்ல, டிரசீனா என்ற வேறு செடி. மண்ணிலிருந்து கிளம்பும் மூங்கில் குருத்தும் வேண்டாம். அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதனால்தான் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் அதை வேகவைத்து நீரைக் கொட்டுகிறார்கள். கொசு மருந்து அடித்த இடத்திலும் சாலையோரத்திலும் பறிக்காதீர்கள்.

இனி செய்முறை. பழுக்காத பச்சை இலைகளாகப் பறித்து, அடி உறையை நீக்குங்கள். அதிலுள்ள சுணை அரிக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, நிழலில் மூன்று நாள் உலர்த்துங்கள். கையால் நொறுக்கினால் நொறுங்க வேண்டும். இரும்பு வாணலியில் சிறுதீயில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறியபின் கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். ஒரு டம்ளர் கொதிநீருக்கு ஒரு டீஸ்பூன். மூடி வைத்து ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். வெளிர்மஞ்சள் நிறமும் வைக்கோல் வாசமும் இருக்கும். பால் வேண்டாம்.

ஜப்பானில் குமசாசா என்ற அகன்ற இலை மூங்கிலில் இப்படித் தேநீர் போடுகிறார்கள். இதில் காஃபின் இல்லை. மாலையில் டீ குடித்தால் தூக்கம் கெடுகிறவர்களுக்கு ஏற்றது. சர்க்கரை, ரத்த அழுத்தம் குணமாகும் என்று நான் சொல்லமாட்டேன். நாட்டு வைத்தியத்தில் மாதவிலக்கைத் தூண்ட இந்த இலையைக் கஷாயமாகக் கொடுப்பார்கள். எனவே கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டபிறகு குடியுங்கள்.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பின்சுவர் ஓர அரளிகளுக்கு ‘விஷச்செடி’ என்று பலகை வையுங்கள். குழந்தைகள் விளையாடும் இடம் அது. பலகை வரும்வரை பறிக்கப் போகிறவர்கள் என்னைக் கூப்பிடுங்கள். கூடவே வந்து காட்டுகிறேன்.