கொடுக்கும் கை



வளர்ந்த பிள்ளைகளுக்குச் சர்க்கார் கைகொடுத்தால் பெற்றோர் கையை இழுத்துக்கொள்வர் என்றொரு அபிப்பிராயம் நெடுங்காலமாக உலவி வருகிறது. அதைப் பரிசோதிக்க ஸ்வீடனைப்போல் உகந்த தேசம் அரிது. 1965-இல் அங்கே அமலுக்கு வந்த கல்வி உதவித் திட்டம், உயர்கல்வி பயில்வோருக்கு ஒரு பகுதியை மானியமாகவும் மறுபகுதியைக் கடனாகவும் வழங்கியதோடு, தகப்பனார் ஆலை முதலாளியா, மரம் வெட்டுகிறவரா என்ற விசாரணையையே கைவிட்டது. ஜெர்மனியின் 1971-ஆம் ஆண்டுச் சட்டமோ பெற்றோரின் வருமானத்தைக் கணக்கிட்ட பின்னரே உதவித்தொகையை நிர்ணயிக்கிறது.

இத்தாலிக்குப் போனால் விஷயமே வேறு. பிள்ளைகளைப் போஷிப்பது பெற்றோர் கடமையென்று 1948 முதல் அமலிலுள்ள அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 30-ஆம் விதி கூறுகிறது. பிள்ளைக்குப் பிராயம் வந்துவிட்டதனால் மட்டும் அக்கடமை தீர்ந்துவிடுவதில்லை. முப்பதைக் கடந்து, பள்ளிகளில் தற்காலிகமாக இசை கற்பித்துச் சொற்ப வருமானம் ஈட்டிவந்த ஒருவருக்குத் தந்தை இன்னும் பணம் தரவேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, மனத்துக்கிசைந்த உத்தியோகம் வரும்வரை பெற்றோர் சுமக்க வேண்டியதில்லையென்று 2020-இல் தீர்ப்பாயிற்று. நியாயஸ்தலம் வரை போகும் பாசத்தை என்னவென்பது!

ஐரோப்பாவில் ஐம்பது வயதைக் கடந்தோரிடம் 2004-இல் தொடங்கிய ஓர் ஆய்வைக் கொண்டு ஆல்பெர்ட்டினி, கோலி, ஃபோகல் என்னும் அறிஞர்கள் கண்டது விசித்திரமானது. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கும் பெற்றோர் ஸ்வீடன் போன்ற வடநாடுகளிலேயே அதிகம், தொகைதான் சிறிது. இத்தாலி போன்ற தென்னாடுகளில் கொடுப்போர் குறைவு. கொடுத்தாலோ பெருந்தொகை, அதுவும் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ். சர்க்கார் கைகொடுத்து, ஜீவனத்துக்கு வழிசெய்யும் பாரம் இறங்கியதும் பெற்றோரின் பணம் நிர்ப்பந்தத்தினின்று நீங்கிப் பிரியத்தின்பாற் சென்றது என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் ஸ்வீடனைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு 85-க்கு மேல் அடமானக் கடன் கூடாதென்று 2010-இல் அங்கே விதித்தார்கள். மிச்சத்துக்கு இளைஞர் எங்கே போவது? சொந்த வீடுள்ள பெற்றோர் அவ்வீட்டின் பேரில் கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆயுள் முழுவதும் வாடகை வீட்டிலே கழித்த பஸ் டிரைவரின் மகளுக்கு அந்த மார்க்கமில்லை. அவள் ஸ்டாக்ஹோம் வாடகைக் குடியிருப்புக்கான வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும்.