கடல் படிக்க நகையை அடகு வைக்கணுமா?

இந்த வாரம் கோடிங் இல்லை, வேலை மாறுறது பத்தி இல்லை. கடல்.

பாகூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. பி.எஸ்சி. விலங்கியல், இரண்டாம் வருஷம் படிக்கிறாங்க. ஐரோப்பாவில் ஒரு கோடைக்கால கடல் உயிரியல் களப்பயிற்சி, மூணு வாரம், இடம் கிடைச்சிருக்கு. உதவித்தொகை கிடையாது. ஃபீஸ், விமான டிக்கெட், விசா எல்லாம் வீட்டுப் பணம். "அம்மா நகையை வெச்சுடலாம்னு சொல்றாங்க அண்ணா. போகட்டுமா?" அவ்வளவுதான் மெசேஜ்.

'வாழ்க்கையில ஒரு தடவைதான், போயிட்டு வா'ன்னு சொல்றது எனக்கு ஈஸி. வட்டி கட்டப்போறது நான் இல்லையே. அதனால உட்கார்ந்து படிச்சேன். படிச்சதுல எனக்குப் பிடிபட்டதைச் சொல்றேன்.

இந்த 'சம்மர் கோர்ஸ்' பழக்கம் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? 1873, அமெரிக்காவில் பெனிகீஸ்னு ஒரு குட்டித் தீவு. லூயி அகாசி என்ற பேராசிரியர் அங்க ஒரு கோடைப் பள்ளி ஆரம்பிச்சார். தீவையும் கூடவே 50,000 டாலரையும் கொடுத்தவர் ஜான் ஆண்டர்சன் என்ற நியூயார்க் வியாபாரி. படிக்க வந்தவங்கள்ல நிறைய பேர் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அவங்களுக்கு நீண்ட லீவு கோடையிலதான். அகாசி அந்த வருஷக் கடைசியிலேயே இறந்துட்டார், பள்ளியும் அடுத்த கோடையோட முடிஞ்சது. ஆனா அந்த மாதிரி நின்னுடுச்சு. 1888-ல வுட்ஸ் ஹோல் ஆய்வகம் அதே பகுதியில வந்தது.

அதே காலத்துல, 1872-ல, பிரான்ஸோட பிரிட்டனி கடற்கரையில ரோஸ்கோஃப் ஆய்வு நிலையம். ஆரம்பிச்சவர் லகாஸ்-துத்தியே. பிரெஞ்சுன்னாலே புதுச்சேரிக்காரங்களுக்கு ஒரு தனிப் பாசம் வரும், தெரியும். ஆனா ரோஸ்கோஃபை நான் இழுக்குறதுக்குக் காரணம் வேற. அங்க ஓதத்துல கடல் மட்டம் ஏறி இறங்குற வித்தியாசம் ஒன்பது மீட்டர் வரைக்கும் போகும். மூணு மாடி உயரம்! தண்ணி வடிஞ்சா, காலையில கடலுக்கு அடியில இருந்த பாறை மதியம் வெட்டவெளி. மாணவர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு நடந்தே போறாங்க. மேல் பாறையில ஒரு வகை நத்தை, கீழே வேற நத்தை, அதுக்கும் கீழே வேற பாசி. ஒவ்வொரு உயிரும் எத்தனை மணி நேரம் காத்துல தாக்குப்பிடிக்கும்ங்கிறது படிக்கட்டு மாதிரி கண்ணு முன்னாடி தெரியும். அந்த ஊர்க் களப்பயிற்சியோட பாடத்திட்டமே இந்தப் படிக்கட்டை நம்பித்தான் இருக்கு.

இப்போ பாகூர் கொம்யூன்ல இருக்கிற மணப்பட்டுக்கு வாங்க, இல்ல மூர்த்திக்குப்பத்துக்கு வாங்க. நம்ம கரையில ஓத வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். அதுவும் மணல், அலை அடிச்சுக்கிட்டே இருக்கும். நடந்துபோய்ப் பார்க்க பெருசா எதுவும் வெளியில வராது. 'நம்ம ஊர்க் கடல்ல என்ன இருக்கு'ன்னு நினைக்கத் தோணும். இருக்கு, ஆனா வேற வாசல் வழியா நுழையணும். இங்க கடலைப் படிக்க ரெண்டு இடம்: ஆறு கடல்ல சேருற முகத்துவாரம், அப்புறம் மீனவரோட வலை.

முகத்துவாரத்துக்கு நல்ல உதாரணம் பாகூர்ல இருந்து பஸ் ஏறினா போற தூரத்துல இருக்கு. கடலூர் தாண்டி பரங்கிப்பேட்டை, வெள்ளாறு கடல்ல கலக்குற இடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கதான். பிச்சாவரம் அலையாத்திக் காடு பக்கத்துலயே. நம்ம பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் கடல் உயிரியல் துறை உண்டு. ஆனா கடலை ஒட்டின காலாப்பட்டுல இல்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி போர்ட் பிளேர்ல. பவளப்பாறை அங்கதானே இருக்கு, நியாயம்தான்.

இன்னொரு விஷயம், 'கோடை'. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், கிழக்குக் கரையில விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். லீவு கிடைக்கிற மாசத்துல இறங்குதளம் பாதி காலி. அதனால நம்ம ஊருக்குச் சரியான களப்பயிற்சி மாசம் மே கிடையாது. வடகிழக்கு மழை ஓய்ஞ்ச பிறகு, ஜனவரியில இருந்து மார்ச். ஆமை முட்டையிட வர்ற நேரமும் அதுதான். சென்னையில எஸ்.எஸ்.டி.சி.என். மாணவர்கள் 1988-ல இருந்து ராத்திரி ராத்திரி கரையில நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறாங்க. அதுவும் ஒரு களப்பயிற்சிதான், நகை வைக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து விலங்கியல் டூர் மாதிரி ஜாடியில பிடிச்சுப் போட்டுக்கிட்டு வர முடியாது. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 2001-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு. நோட்டும் கேமராவும் போதும்.

அப்போ வெளிநாடு வேஸ்டா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு மைக்ரோஸ்கோப், தினமும் படகு, சாப்பாட்டு மேஜையில கூட நண்டைப் பத்தியே பேசுற இருபது பேர். இது நம்ம காலேஜ்ல கிடைக்காது. நாளைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத ஒரு பேராசிரியரும் கிடைப்பார். ஆனா அந்த மூணு வாரத்துல பாதி, மாதிரி எடுக்கிறது எப்படி, எண்ணுறது எப்படி, எழுதி வைக்கிறது எப்படின்னு பழகுறதுலயே போயிடும். அந்தப் பாதியை இங்கயே முடிச்சுட்டுப் போறவங்களுக்குத்தான் மீதிப் பாதி காசுக்கு மதிப்பு.

அதனால என் பதில்: இந்த வருஷம் நகையை வைக்காதீங்க. அம்மாகிட்ட நானே பேசணும்னாலும் பேசுறேன்.

அதுக்குப் பதிலா ஒரு வேலை. வில்லியனூர்ல இருக்கிற நேயர்களும் சேர்ந்துக்கலாம். சங்கராபரணி ஆறு வில்லியனூர் தாண்டி அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறுன்னு ரெண்டா பிரிஞ்சு கடலுக்குப் போகுது. கையில பிடிக்கிற ரெஃப்ராக்டோமீட்டர்னு ஒரு கருவி இருக்கு, ஒரு சொட்டுத் தண்ணி வெச்சா உப்பு அளவு காட்டும். நல்ல தண்ணின்னா பூஜ்யம், கடல் தண்ணின்னா ஆயிரத்துக்கு 35 பக்கம். முகத்துவாரத்துல ஆரம்பிச்சு மேல மேல ஏழெட்டு இடம். மேல்தண்ணி ஒண்ணு, அடித்தண்ணி ஒண்ணு, ஏன்னா உப்புத்தண்ணி கனம், அடியில படுத்துக்கும். தடுப்பணை வந்தா அதுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மாசம் ரெண்டு தடவை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும். கூடவே அந்த இடத்துல என்ன மீன், என்ன நண்டு வருதுன்னு வலை போடுறவங்களைக் கேளுங்க. கொண்டல் அடிச்சா என்ன வரும், கச்சான் அடிச்சா என்ன வரும்னு அவங்க சொல்றதை அப்படியே அவங்க வார்த்தையில எழுதுங்க. கடலோர போர்வெல்ல உப்பு ஏறுதுன்னு கவலைப்படுற விவசாயிக்கும் இந்தக் கணக்கு வேணும். பாகூர்ல இருக்கிறவங்களுக்கு தென்பெண்ணை இருக்கு, அதே முறைதான்.

தனியா ஆத்துல இறங்காதீங்க. ரெண்டு பேராவது போங்க, வீட்ல சொல்லிட்டுப் போங்க.

ஒரு வருஷக் கணக்கு கையில இருந்தா, இந்திய அறிவியல் அகாடமியோட கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப்புக்குப் போடலாம், அதுல அவங்கதான் உங்களுக்குப் பணம் தருவாங்க. எம்.எஸ்சி. நேரத்துல எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகைக்குப் போடலாம். கெண்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிற கடல் வளப் படிப்பு ஒண்ணு அந்த வகைதான். ரோஸ்கோஃப் எங்கயும் ஓடிப்போகாது, 1872-ல இருந்து அங்கயேதான் இருக்கு.

ரீடிங் எடுக்க ஆரம்பிச்சா தேதி, நேரம், இடம், உப்பு அளவு, இந்த நாலும் மறக்காம எழுதி எனக்கு அனுப்புங்க. ஷீட்டும் கிராஃபும் போட்டுத் தர்றது என் பொறுப்பு, அது மட்டும்தான் எனக்கு ஒழுங்கா வரும். அடுத்த வாரம் பார்க்கலாம்.