தொட்டால்தான் ஆட்டம்

வானொலி மறையுரை



பொங்கல் முடிந்து தை ஐந்தாம் நாள் கெடிலக் கரையில் ஆற்றுத் திருவிழா. அந்த நாள்களில் திருவதிகைப் பக்கத்து ஊர்களில் எங்காவது ஒரு திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கபடி ஆடுவார்கள். நம் பெரியவர்கள் சடுகுடு என்று சொன்ன அதே ஆட்டம். நாமும் ஓரமாக நின்று பார்த்திருக்கிறோம். நம்மில் சிலர் ஆடியும் இருக்கிறோம்.

மட்டை வேண்டாம், பந்து வேண்டாம். உடம்பும் மூச்சும் போதும். அதனால்தான் அது ஏழைப் பிள்ளைகளின் ஆட்டமாக இருந்தது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் அது பதக்கப் போட்டியானது. 2018-இல் ஜகார்த்தாவில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் ஈரான் தங்கம் வென்றது. நம் மண்ணின் ஆட்டம் இன்று பல நாட்டுக்கும் சொந்தம்.

அதன் இரண்டு விதிகளை இன்று நினைத்துப் பார்ப்போம்.

முதலாவது, தொடாமல் கபடி ஆட முடியாது. பாடி வருபவர் தொட்டாக வேண்டும். எதிரணியினர் அவரைக் கட்டிப் பிடித்தாக வேண்டும். ஒருவர் வியர்வை மற்றவர் மேல் ஒட்டும். காலைப் பிடிக்கும் முன் யாரும் “நீ எந்தத் தெரு?” என்று கேட்பதில்லை.

இரண்டாவது, வெளியேறியவர் வெளியிலேயே இருப்பதில்லை. தம் அணியினர் எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால், இவர் உயிர் பெற்று உள்ளே வருவார். அதிலும் முதலில் வெளியே போனவரே முதலில் திரும்புவார். தம் முயற்சியால் அல்ல, உடன் ஆடுபவரின் உழைப்பால் வருகிறார்.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது ஓட்டப் பந்தயத்தை உவமை காட்டினார். அந்நகருக்கு அருகே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரும் போட்டிகள் நடந்தன. வென்றவருக்குக் கிடைத்தது வாடிப்போகும் இலை முடி. வாடாத முடிக்காக ஓடச் சொன்ன அவரே, அதே திருமுகத்தில், ஓர் உறுப்பு வருந்தினால் எல்லா உறுப்பும் சேர்ந்து வருந்தும் என்கிறார். தனியே ஓடி அடையும் முடி அல்ல அது.

அன்பார்ந்தவர்களே, திடலில் தொடும் நாம், திடலுக்கு வெளியே ஏன் விலகுகிறோம்? அணி சேர்க்கும்போதே ஊர் என்றும் காலனி என்றும் பிரிப்பது ஏன்? நம் திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது? நம் கல்லறைத் தோட்டத்தில் கோடு உண்டா? 2003 நவம்பர் 17 அன்று, நம் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாநிலம் உள்ளிட்ட தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவரிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட நற்செய்திப் பணிக்குப் பெருந்தடை என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை நமக்கானது.

தொழுநோயாளர் வேண்டியபோது, ஒரு சொல்லாலேயே இயேசு குணமாக்கியிருக்கலாம். அவர் கையை நீட்டித் தொட்டார். வெளியே தள்ளப்பட்டவரை மீண்டும் ஊருக்குள் சேர்த்தது அந்தத் தொடுதல்.

இந்த ஆண்டுப் பங்குத் திருவிழாவில் நம் இளைஞர்களின் அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்போம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடட்டும். தேர் எல்லாத் தெருவுக்கும் போகட்டும். நெடுநாளாய் வெளியே நிற்பவர் முதலில் உள்ளே வரட்டும்.

ஆண்டவர் நம்மைத் தொட்டு ஒன்றாக்குவாராக. ஆமென்.