சர்க்கரை நோயும் நமது ஸஹன் சாப்பாடும்

(ஜமாஅத்தின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு, வரவு செலவுக் கணக்கும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. இனி நான் தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று சோற்றைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி தாருங்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தில் என்னுடைய தவறும் அடங்கியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் பயான் ஒன்றில், நோயைப் பொருட்படுத்தாமல் நோன்பு நோற்பவர்களின் உறுதியை மிகவும் புகழ்ந்து பேசினேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் அதைச் செவிமடுத்தார். மறுநாள் ஸஹரில் இரண்டு பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு, வழக்கமான மாத்திரையையும் விழுங்கிவிட்டு நோன்பு வைத்தார். அஸர் தொழுகைக்கு வந்தவருக்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தபோது, "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று வாயை இறுக மூடிக்கொண்டார். மயங்கி விழுந்த பின்பே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். நான் பார்க்கச் சென்றபோது, "ஹள்ரத், நோன்பு போய்விட்டதே" என்று அழுதார். நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம், அறவே இயலாதவர் ஃபித்யா கொடுக்கலாம் என்பதற்கு அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்கள் ஆதாரமாக இருக்கின்றன. அவற்றை ஓதிப் பொருள் கற்ற நானே அன்று அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அடுத்த ஓராண்டிற்குள் எனக்கும் அந்நோய் இருப்பது தெரியவந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு என்று கணக்கிடுகிறார்கள். எனக்கு 190 இருந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023 ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு கூறுகிறது. அப்படியிருக்க, இச்சபையில் நான் மட்டும் தனியாக இருக்க வாய்ப்பில்லை.

உணவியல் படித்த சகோதரி ஒருவர், மூன்று நாட்கள் உண்பதை எல்லாம் எழுதிவரச் சொன்னார். "நான் இனிப்பே தொடுவதில்லை அம்மா" என்றேன். எழுதிப் பார்த்தபோது, நாளொன்றுக்கு ஆறு குவளை தேநீர், குவளைக்கு இரண்டு கரண்டி சீனி என்று, தேநீரில் மட்டுமே ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை உள்ளே போயிருந்தது. போகும் வீடெல்லாம் தேநீர் தருவார்கள். மறுத்தால் வருந்துவார்கள் என்று நானும் குடித்திருக்கிறேன்.

நம்மிடையே சில தவறான எண்ணங்கள் வேரூன்றியுள்ளன. கருப்பட்டி நல்லது, நாட்டுச் சர்க்கரை நல்லது, தேன் அறவே தீங்கு செய்யாது என்கிறோம். தேனில் நிவாரணம் உண்டென்பது நமது நம்பிக்கை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரையே. பேரீச்சம்பழத்தில் பெரிய மெட்ஜூல் வகை ஒன்றில் ஏறக்குறைய 16 கிராம் சர்க்கரை உண்டு. எனவே நான் இப்போது சிறிய பழம் ஒன்றைக் கொண்டு நோன்பு திறக்கிறேன். அடுத்து, சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று நினைக்கிறோம். சோற்றுக்குப் பதிலாக நான்கு சப்பாத்தி தின்றால் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மைதாவில் செய்த பரோட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பாகற்காய் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களையும் அறிவேன். பாகற்காய் நல்ல காய்தான், அது மருந்துக்கு மாற்றாகாது.

எல்லாவற்றிலும் எனக்குக் கடினமாக இருந்தது நமது ஸஹன் சாப்பாடுதான். நால்வர் சூழ்ந்தமர்ந்து ஒரே தட்டில் உண்பது சகோதரத்துவத்தின் அழகு. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் நெய்ச்சோறு குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். யார் எவ்வளவு உண்டார் என்பது எவருக்கும் தெரியாது. சர்க்கரை நோயாளிக்கோ அளவுதான் எல்லாம். என் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, கால் பங்கு மட்டும் சோறு என்பது எனக்குச் சொல்லப்பட்ட அளவு. காயையும் மீனையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் சர்க்கரை வேகமாக ஏறுவதில்லை. கடற்கரை ஊரில் பிறந்த நமக்கு மீனுக்கா பஞ்சம்? ஒரு வலிமா விருந்தில் நான் தனித் தட்டுக் கேட்டபோது, ஹள்ரத்துக்குப் பெருமை வந்துவிட்டது என்று ஒரு பேச்சு எழுந்தது. வட்டிலப்பத்தை ஒதுக்கியபோது வீட்டுக்காரரின் முகம் வாடியது. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டும் நேர்ந்திராது. நோயை மறைத்தது என் பிழை.

ரமளானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நோன்புக்கஞ்சியில் அரிசி நன்கு குழைந்திருப்பதால் அது விரைவில் சர்க்கரையாக மாறுகிறது; அரைக் குவளை போதும். சர்பத்தும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். ஸஹரைத் தவற விடாமல், கடைசி நேரத்தில், பருப்பு, முட்டை, தயிர், தவிடு நீக்காத தானியம் என்று மெதுவாகச் செரிப்பவற்றை உண்ண வேண்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ, மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். 2009 ஆம் ஆண்டு ஷார்ஜாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, சர்க்கரை நோயாளிகளை நான்கு வகையினராகப் பிரித்து, ஆபத்து மிகுந்தவர்கள் நோன்பு நோற்கலாகாது என்றே முடிவு செய்திருக்கிறது. நீங்கள் எந்த வகை என்பதை மருத்துவர் சொல்வார். அவர் சொன்னதை என்னிடம் வந்து சொன்னால், மார்க்கச் சட்டத்தை நான் சொல்கிறேன்.

நிர்வாகத்தினரிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். நிக்காஹ் விருந்துகளில் ஸஹனோடு சில தனித் தட்டுகளும் வைக்கப்பட வேண்டும். கூட்டங்களில் சீனி போடாத தேநீர் ஒரு பிளாஸ்க்கில் தனியே இருக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றும் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் மோதினாரின் அறையில் எப்போதும் இருக்க வேண்டும். கருவிக்கான தொகையை ஒரு சகோதரர் முன்பே கொடுத்துவிட்டார்; பெயர் சொல்ல வேண்டாம் என்றார். அன்று அஸர் நேரத்தில் மயங்கி விழுந்த பெரியவர்தான் அவர் என்று மட்டும் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். அவர் இந்த ஆண்டு ஃபித்யா கொடுத்தார்.