அச்சு முறுக்கும் ஆர்டர் நோட்டும்



திருவருகைக்காலம் வந்துவிட்டால் நம் மறைக்கல்விப் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். அச்சு முறுக்குக்கும் கல்கல்லுக்கும் வீடுவீடாக ஆர்டர் எடுக்கிறார்கள். அன்பியத் தாய்மார் செய்து கொடுப்பதைப் பிள்ளைகளே கொண்டு சேர்க்கிறார்கள். கிடைக்கும் பணம் ஏழைப் பிள்ளைகளுக்குப் போகிறது. சிறுவருக்குச் சிறுவரே உதவ வேண்டும் என்று பிரான்சு நாட்டு ஆயர் சார்லஸ் தெ ஃபோர்பின்-ஜான்சன் 1843ஆம் ஆண்டு தொடங்கிய பணியின் வழியில் வருவதுதான் இதுவும்.

ஆனால் ஆர்டர் மாறிப்போகும். மாறாத வருடம் உண்டா?

எங்களுக்குத் தெரிந்த ஒரு பங்கில் நடந்தது இது. ஒரே தெருவில் ஒரே பெயருள்ள இரண்டு அம்மாக்கள். ஒருவர் 100 ரூபாய் முன்பணம் கொடுத்தார். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை அதை எழுதினாள், மற்றவரின் பெயருக்கு நேராக. பொட்டலம் கொண்டுபோனதோ வேறொரு பையன். பணம் கொடுத்த அம்மாவிடம் அவன் மறுபடியும் முழுப் பணம் கேட்டான். ஞாயிறு திருப்பலி முடிந்ததும், கெபி முன்னால், நாலு பேர் கேட்க அந்த அம்மா சொன்னார்: “அன்றைக்கே கொடுத்தேனே, அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டதா?”

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை மறைக்கல்விக்கு வரவில்லை.

நோட்டைப் பிறகுதான் பார்த்தார்கள். பணம் பத்திரமாகவே இருந்தது. (மற்ற அம்மா, தம்மிடம் பணம் குறைவாகக் கேட்டதைப் பங்கின் விழாக்காலத் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டாராம்!)

எருசலேமின் ஏழை இறைமக்களுக்காகத் திருத்தூதர் பவுல் நிதி திரட்டியபோது என்ன செய்தார்? 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தீத்துவைத் தனியே அனுப்பவில்லை. கூடவே வேறு இருவரையும் அனுப்புகிறார். இவ்வளவு பெரிய கொடையைக் கையாள்வதில் எவரும் குறை சொல்லிவிடக் கூடாது, ஆண்டவர் முன் மட்டுமல்ல, மனிதர் முன்னும் எல்லாம் நேர்மையாக இருக்க வேண்டும் என்கிறார். பவுலுக்கே அந்தக் கவலை இருந்ததென்றால் பதினோரு வயதுப் பிள்ளை எம்மாத்திரம்? கணக்கு கேட்டால் நம்மை நம்பவில்லை என்று வருத்தப்படுகிறோம். உண்மையில் கணக்கு, பணத்தைச் சுமப்பவருக்கு வேலி. அந்த வேலியைப் போட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்.

ஆகவே பிள்ளைகளை இருவர் இருவராக அனுப்புவோம். வீட்டு எண்ணையும் முன்பணத்தையும் கொடுப்பவர் கண்ணெதிரே எழுதச் சொல்வோம். முட்டை சேர்க்காதது கேட்டவர்களின் பொட்டலத்தில் தனி அடையாளம் இருக்கட்டும். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டிருக்கும் அண்டை வீட்டாரும் நம் பிள்ளைகளிடம் வாங்குகிறார்கள் அல்லவா? அங்கே மாறிப்போனால் பிள்ளையை அனுப்பாமல் நாமே போய்ச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா என்ன செய்தார்? பிள்ளையின் வீட்டுக்குப் போய், “தப்பு என் மேலதான் கண்ணு” என்றார். அது போதாதென்று அவருக்கே தோன்றியிருக்கிறது. மறு ஞாயிறு அதே கெபி முன்னால், முன்பு கேட்டவர்கள் காதில் விழும்படி, அதையே மறுபடியும் சொன்னார்.

இந்த ஆண்டும் அந்தப் பிள்ளை நோட்டுடன் அவர் வீட்டுக்கு வந்தாள். வீட்டு எண்ணை எழுதி, அவரிடம் காட்டிய பிறகே பணத்தைக் கையில் வாங்கினாள்.