நம் வகுப்பறைக்கும் இலையுதிர் காலம் உண்டு



இலையுதிர் கால வகுப்பறை நடவடிக்கைகள் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். மேப்பிள் இலைக்கு வண்ணம் தீட்டுதல், பூசணி விதைகளை எண்ணுதல் என்று ஏராளமாக வரும். நம் ஆசிரியர்கள் சிலரும் அவற்றை அச்செடுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல பயிற்சிகள்தாம். ஆனால் ஜப்பானிலோ அமெரிக்காவிலோ ஒரு மாணவன் இலையுதிர் காலத்தில் பள்ளிக்கு நடந்து வரும்போதே அந்த இலையைப் பொறுக்கிக்கொண்டு வருகிறான். நம் பிள்ளைக்குக் கிடைப்பது அதன் படம் மட்டுமே. பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது.

நமக்கு இலையுதிர் காலமே இல்லையா? தோட்டத்தில் வளர்ந்த பாட்டியிடம் கேளுங்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் வெயில் ஏறும்போது ரப்பர் மரம் செம்பும் மஞ்சளுமாக நிறம் மாறி, இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும். பாலும் குறையும். பால் குறைந்தால் வெட்டுக்காரர் வருமானம் குறையும். அந்த மாதங்களில் குடும்பச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு மாணவன் தன் பாட்டியைக் கேட்டு எழுதி வரட்டும். அதைவிட நல்ல கட்டுரைத் தலைப்பு எனக்குத் தெரியவில்லை. தோட்ட வாழ்க்கையைக் கண்ணால் கண்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

பட்டணத்துப் பள்ளியில் ரப்பர் மரத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? கெத்தாப்பாங் மரம் இருக்கிறதே! கடற்கரையிலும் சாலையோரத்திலும் நிற்பதுதான். அதன் அகன்ற இலை உதிரும் முன் நன்றாகச் சிவக்கும். சண்டை மீன் வளர்க்கும் பையன்களுக்கு அது நன்றாகத் தெரியும். காய்ந்த இலையை மீன் தொட்டியில் போடுவார்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன் அன்றைக்கு விளக்கம் சொல்ல எழுந்து நிற்பான்.

அந்த இலையின் மேல் தாளை வைத்து வண்ணக்கோலால் தேய்த்தால் நரம்புகள் அப்படியே பதியும். பெரிய மாணவர்களுக்கு அறிவியல் சோதனை வைக்கலாம். பச்சை இலையைக் கிழித்து நசுக்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஆல்கஹாலில் ஊறவைத்து, காப்பி வடிகட்டும் தாளில் ஒரு துண்டை அதில் நிறுத்துங்கள். பச்சை ஒரு கோடாகவும் மஞ்சள் ஒரு கோடாகவும் பிரிந்து ஏறும். மஞ்சள் முதலிலிருந்தே இலைக்குள் இருந்தது. பச்சையம் அழிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, பெரும்பாலும் இலை முதிரும்போது புதிதாக உண்டாவது. ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். அருகில் நெருப்பு கூடாது, ஆசிரியரும் உடன் இருக்க வேண்டும்.

வரலாற்றுப் பாடத்துக்கும் இதில் இடமுண்டு. 1877-இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. நம் முன்னோர் பலரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது பிறகு பெருகிய அந்த மரம்தான்.

ரப்பர் காய் வெடித்துச் சிதறும் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கி வந்து கூட்டல், கழித்தல் நடத்தலாம். இரண்டு கொட்டைகளை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, எது உடைகிறது என்று பார்க்கும் பழைய விளையாட்டையும் சொல்லிக் கொடுங்கள். ஆனால் பச்சைக் கொட்டையில் நச்சு உண்டு. சின்னப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.