தொழிற்சாலைப் பயிற்சியும் நம் கிராமத்துப் பிள்ளைகளும்

 

ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவித்து வந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் இன்று பெரிய தொழில் வட்டாரமாகத் திகழ்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. ஏனைய ஆலைகள் பலவும் பின்தொடர்ந்தன. அங்கு வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகளில் சிலர் தொழிற்பயிற்சி வகுப்புகளில் ஆவலோடு சேர்கின்றனர். சிலர் ஒதுங்கி நிற்கின்றனர். இது ஏன் என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

சோம்பல் என்று பழி கூறுவது எளிது. ஆனால், முறை வேலை முடிந்தபின் வகுப்பு நடந்தால், ஆலைப் பேருந்தைத் தவறவிட்டவர் ஊர் திரும்புவது எங்ஙனம்? பயிற்சி நேரத்துக்குக் கூலி உண்டா? பாடம் தமிழில் விளங்குமா? மேற்பார்வையாளர் மனமுவந்து அனுப்புவாரா? கற்றபின் ஊதியம் உயருமா? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால் பிள்ளைகள் தாமே வருவர். விளைச்சல் காணாத நிலத்தில் எவரும் விதை தெளிப்பதில்லை அல்லவா?

பயிற்சியை அலட்சியம் செய்வதும் ஆபத்தே. 2006-இல் இங்கு உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோயிற்று. ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தனர். ஓர் ஆலையின் ஒரு வேலையை மட்டும் அறிந்தவர்க்கு அந்த ஆலையோடு அந்த அறிவும் பயனற்றுப் போகக்கூடும். எங்கும் செல்லுபடியாகும் தொழிலறிவே நிலையான சொத்து.

1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி பயிற்சி பெறுவோருக்கு உதவித்தொகை உண்டு. தேறியவர்க்கு நாடெங்கும் ஏற்கப்படும் சான்றிதழும் உண்டு. ஆயினும், பயிற்சி முடிந்ததும் வேலை அளித்தே தீரவேண்டும் என்று சட்டம் ஆலையைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே, 'பயிற்சி' என்ற பெயரைக் கண்டவுடன் கையொப்பமிடாமல், காலம், உதவித்தொகை, சான்றிதழ் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டறிதல் அவசியம். ஒரகடம் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் 2023 ஜூனில் திறக்கப்பட்ட நவீனத் தொழில்நுட்ப மையத்தையும் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுவோம்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை பல. மே 1-ஆம் நாள் கிராம சபையில் இப்பொருளை எடுத்துப் பேசலாம். ஆலை அதிகாரிகளை அழைத்து, பயிற்சியை வேலை நேரத்திலேயே வைக்குமாறும், மாலையில் பேருந்து விடுமாறும் கோரலாம். பெண் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துச் சென்று பயிற்சிக் கூடத்தைக் காட்டினால் அவர்தம் அச்சம் அகலும்.

நிலம் நம் முன்னோர் தந்த செல்வம். தொழிலறிவு நாம் நம் மக்களுக்குத் தரும் செல்வமாகட்டும்.